பிக்கப் வண்டியின் பக்க விளக்குகளுக்குத் தாங்கி செய்யும் முறை

தோட்ட மக்களின் நாள் கதிரவனுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ரப்பர் மரத்தின் பால் நாளங்களில் அழுத்தம் மிகுந்து நிற்பது விடியலுக்கு முன்னுள்ள குளிர்ந்த வேளையில்தான். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளியிடுவதால் அவ்வழுத்தம் குறைகிறது; பால் ஓட்டமும் தளர்கிறது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குச் செல்லும் வழக்கம் இக்காரணம் பற்றியே ஏற்பட்டது. ஆட்கள் இருட்டில் நடமாடும் அதே பாதைகளில்தான் வண்டிகளும் ஓடுகின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கெடா மாநிலம் கூலிம் மாவட்டத்தில், பாடாங் செராயை அடுத்துள்ள பாடாங் மேஹா போன்ற இடங்களின் உட்பாதைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். செம்மண் பாதை; ஒரு புறம் மேடு, மறு புறம் வடிகால்; நடுவே மழைநீர் அரித்த பள்ளங்கள். பிக்கப் வண்டியின் முன்விளக்கு எதிரே உள்ள பாதையைக் காட்டும். வண்டி திரும்பும்போது எந்தப் பக்கம் இறங்குகிறது, பின் சக்கரத்துக்கும் வடிகாலுக்கும் இடையே எத்தனை சாண் நிலம் இருக்கிறது, ஓரமாக மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் எங்கே நிற்கிறார் என்பனவற்றை அது காட்டாது.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனித்தல் நன்று. வண்டி வளையும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே செல்வதில்லை. உட்புறமாக ஒதுங்கிச் செல்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள ஒரு வண்டி, முன் சக்கரம் 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும்படி திருப்பப்பட்டால், பின் சக்கரம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஓடும். ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து முன் சக்கரம் பாலத்தின் மீது சரியாக ஏறிவிட்டதைக் கண்டு மன நிறைவு கொள்ளும் அதே நொடியில் பின் சக்கரம் வடிகாலில் இறங்குவது இதனால்தான். பகலில் பக்கக் கண்ணாடி இதனைக் காட்டிக்கொடுக்கும். இருளில் அக்கண்ணாடியிலும் இருளே தெரியும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னுள்ள நிலத்தில் விழும் ஒரு சிறு வெளிச்சம் இக்குறையைப் போக்கிவிடும். இத்தகைய விளக்கைக் கடையில் எளிதாக வாங்கலாம். அதனை வண்டியில் பிடித்து நிறுத்தும் தாங்கிதான் பெரும்பாலும் நம் வண்டிக்குப் பொருந்துவதாகக் கிடைப்பதில்லை. அத்தாங்கியை நாமே செய்துகொள்வது எவ்வாறு என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

பக்கவாட்டில் ஒளி வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உதித்ததன்று. 1948இல் அமெரிக்காவில் டக்கர் என்னும் கார் மூன்றாவது விளக்கொன்றை நடுவில் தாங்கி வந்தது. அவ்விளக்கு வண்டி திரும்பும் திசையில் தானும் திரும்பியது. பிரான்சு நாட்டின் சிட்ரோயன் டி.எஸ். கார் 1967 முதல் வளைவுகளில் திரும்பும் முன்விளக்குகளைப் பெற்றது. நம் பாட்டனார் காலத்தில் தோட்டத்தில் தலைவிளக்காகப் பயன்பட்ட கார்பைடு விளக்கும், அக்காலக் கார்களின் முகப்பு விளக்கும் ஒரே இனந்தான்: கால்சியம் கார்பைடு கட்டியின் மீது நீர் சொட்ட, அதனின்று எழும் அசெட்டிலின் வாயு எரிந்து ஒளி தரும். அவற்றுக்கு மின்கம்பியும் வேண்டியதில்லை, உருகியும் வேண்டியதில்லை. இன்றைய விளக்குக்கு இரண்டும் வேண்டும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

சட்டத்தை முதலில் அறிக

இரும்பை வெட்டுவதற்கு முன் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நம் நாட்டில் வண்டி விளக்குகளை 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. ஒப்புதல் பெறாத விளக்குகளைப் பொருத்துவதும், பிறர் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியைப் பாய்ச்சுவதும் நடவடிக்கைக்கு உரியவை. "நாங்கள் தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறோம்" என்று சிலர் கூறுவதுண்டு. அச்சட்டத்தில் சாலை என்பது பொதுச் சாலையை மட்டும் குறிக்கவில்லை. பொதுமக்கள் சென்று வரக்கூடிய வேறு எந்தப் பாதையையும் அது உள்ளடக்கும். பள்ளிக்கும் கோயிலுக்கும் லயத்துக்கும் ஊரார் வந்து போகும் தோட்டப் பாதை இவ்விளக்கத்துக்கு வெளியே நிற்கும் என்று நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது.

ஆகவே, விளக்கு வாங்குவதற்கு முன்னரே அருகிலுள்ள சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி தோட்டத்துக்குச் சொந்தமானதாயின் நிருவாகத்தின் இசைவையும் பெற வேண்டும். நீல நிற விளக்கு, சிவப்பு நிற விளக்கு, மின்னி மின்னி எரியும் விளக்கு ஆகியவற்றைப் பக்கவாட்டில் பொருத்த எண்ணவே வேண்டாம். வெளிநாடுகளில் பக்க விளக்குக்கு இடங்கொடுக்கும் விதிகளும், வண்டி மிக மெதுவாக ஊர்ந்து செல்லும்போது மட்டுமே அது எரியலாம், வேகம் கூடியதும் தானாகவே அணைந்துவிட வேண்டும் என்றுதான் வகுக்கப்பட்டுள்ளன. இவ்விளக்கின் இயல்பும் அதுவே. பாதையில் விரைந்து ஓடும்போது இது தேவையில்லை. திரும்பும்போதும், பின்னோக்கிச் செல்லும்போதும், பால் கொட்டகை அருகே சுமை ஏற்றி இறக்கும்போதும் மட்டுமே தேவை.

எங்கே பொருத்துவது?

பலரும் விளக்கை ஓட்டுநர் அறைக்குப் பின்னுள்ள கம்பிச் சட்டத்தின் மேல் பொருத்த விரும்புகின்றனர். உயரத்திலிருந்து ஒளி நெடுந்தூரம் பரவும் என்பது அவர்கள் கருத்து. பரவுவது உண்மையே. ஆயினும் பள்ளம் மேடுகளை அறிய நமக்கு உதவுவது ஒளியன்று, நிழல். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல் 3 மீட்டர் தொலைவில் கிடப்பதாகக் கொள்வோம். 180 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கு அதற்குத் தரும் நிழல் 18 சென்டிமீட்டரைத் தாண்டாது. 60 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கோ 60 சென்டிமீட்டர் நீளமுள்ள நிழலைத் தரும். அக்கல் கண்ணுக்கு எங்ஙனம் எடுத்துக்காட்டப்படும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வடிகாலின் விளிம்பும் அவ்வாறே கருநிழலாகத் தெரியும்.

தாழ்ந்த விளக்குக்கும் குறை உண்டு. சேறு தெறிக்கும், கல் அடிக்கும். இருப்பினும் நம் கருத்தில், தோட்டப் பாதைக்குத் தாழ்வாகப் பொருத்துவதே சிறந்தது. வண்டியின் பின் தட்டுக்குக் கீழே, ஓட்டுநர் அறைக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட இடம் இதற்கு ஏற்றது. தட்டின் ஓரத்தைவிட இரு விரற்கடையேனும் உள்ளடங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளக்கு மரத்திலும் மோதும், மனிதர் முழங்காலிலும் மோதும். இவ்விடத்தில் ஒரு பக்கம் எண்ணெய்த் தொட்டியும், இன்னொரு பக்கம் புகைக்குழாயும் இருத்தல் கூடும். அவற்றுக்கு அருகே செல்லலாகாது. வண்டிக்கு அடியில் குனிந்து, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, பிரேக் எண்ணெய்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் தொடங்குக

தாங்கியை நேராக இரும்பில் தொடங்குவது வீண் செலவு. காலணிப் பெட்டி போன்ற தடித்த அட்டையில் முதலில் வெட்டி, மடித்து, வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கைக் கையில் பிடித்து அதன் மீது வைத்து, சக்கரம் முழுவதும் திரும்பும்போதும், சுமையால் தட்டு தாழும்போதும் எதனோடும் உரசாமல் இருக்குமா என்பதைச் சரிபார்த்த பின்னரே அட்டையை இரும்பின் மீது வைத்துக் கோடு இழுக்க வேண்டும்.

அரைக் கிலோ எடையுள்ள சிறு எல்.இ.டி. விளக்குக்கு 40 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள பட்டை இரும்பு போதுமானது. அதனை 'ட' எழுத்தின் வடிவில் மடித்து, 100 மி.மீ. நீளமுள்ள ஒரு கை வண்டியோடும், 60 மி.மீ. நீளமுள்ள மறு கை விளக்கோடும் சேருமாறு அமைக்கலாம். வெளியே நீட்டும் கையை இவ்வளவு குட்டையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட பட்டையின் மறுமுனையில் எடை தொங்கினால், பட்டையின் நீளத்தை இருமடங்காக்கும்போது தொய்வு இருமடங்காக ஆவதில்லை, எட்டு மடங்காகிறது. தடிப்பை இருமடங்காக்கினால் அதே தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. நீண்டு மெலிந்த தாங்கி செம்மண் பாதையின் குலுக்கலில் மரக்கிளைபோல் ஆடுவதும், சில மாதங்களில் மடிப்பு விழுந்த இடத்திலேயே வெடித்து அற்று விழுவதும் இவ்விதியின் விளைவே. தொய்வு ஒன்றை மட்டும் நோக்கினால், 60 மி.மீ. கையை 120 மி.மீ. ஆக்கிவிட்டு 5 மி.மீ. பட்டையையே பயன்படுத்துவது, குட்டைக் கையில் விளக்கின் எடையை எட்டு மடங்காக்கித் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

மடிக்கும்போது கூரான மூலையாக மடிக்கலாகாது. பட்டையின் தடிப்பளவேனும் ஆரமுள்ள உருண்டையான மடிப்பாக இருக்க வேண்டும். எளிதாக மடியட்டும் என்று அரத்தால் கீறிவிட்டு மடிப்போர் உளர். அக்கீறலே பின்னர் வெடிப்பின் தொடக்கமாகிறது. மடிப்பின் உட்புறத்தில், ஓர் ஓரமாக, 40 மி.மீ. அளவுள்ள முக்கோணத் துண்டொன்றை முட்டாகப் பற்றவைத்துவிட்டால் தாங்கி அசையாது. நடுவில் வைத்தால் திருகாணியை முடுக்கும் சாவிக்கு இடம் இராது. ஆதலால்தான் ஓரம் என்கிறோம்.

வண்டியோடு சேரும் கைக்கு 8 மி.மீ. திருகாணிகள் இரண்டு வேண்டும். ஒன்றே ஒன்றாயின் தாங்கி அதனைச் சுற்றிச் சுழன்றுவிடும். துளையின் நடுவிலிருந்து பட்டையின் விளிம்பு வரை, துளையின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கேனும் இரும்பு இருக்க வேண்டும். 9 மி.மீ. துளைக்கு 14 மி.மீ. என்பது கணக்கு. விளக்கோடு வரும் 'ப' வடிவப் பிடி பெரும்பாலும் ஒரே திருகாணியில் நிற்பதால் அங்கும் சுழற்சி உண்டாகும். அப்பிடிக்கு அருகே சிறு இரும்புத் துண்டொன்றைத் தடையாகப் பற்றவைத்துவிடலாம். மரை கழன்று போகாதிருக்க, நைலான் வளையம் உள்ள மரைகளைப் பயன்படுத்துக. அவை கிடைக்காவிடில் சுருள் வளையமும் இரண்டாவது மரையும் சேர்த்து இறுக்குக.

வண்டியின் அடிச்சட்டத்தில் புதிதாகத் துளையிடுவதை நாம் விரும்பவில்லை. சுமையைத் தாங்கும் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இடப்படும் துளை அதன் வலிமையைக் குறைக்கும். வண்டியைச் செய்தவர்களே விட்டுவைத்துள்ள துளைகள் தட்டின் குறுக்குச் சட்டத்தில் எங்கேனும் இருக்கும், அவற்றைத் தேடுங்கள். அவையும் இல்லையெனில் கவ்வி முறையை நாட வேண்டும். குழாய்ச் சட்டம் உள்ள வண்டிகளுக்குப் புகைக்குழாய்க் கவ்வி நன்கு பொருந்தும். ஆனால் அளவில் ஏமாற வேண்டாம். ஓர் அங்குலத் தண்ணீர்க் குழாய் என்று விற்கப்படுவதன் வெளி விட்டம் ஓர் அங்குலம் அன்று; ஏறத்தாழ 34 மி.மீ. குழாயைச் சுற்றி நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்நூலின் நீளத்தை 3.14ஆல் வகுத்துக் கிடைக்கும் அளவோடு கடைக்குச் செல்லுங்கள்.

பற்றவைக்கும் வேலையை வண்டியிலிருந்து கழற்றித் தனியே வைத்துச் செய்வதே முறை. வண்டியிலேயே செய்ய நேர்ந்தால் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் மின்னாக்கியும், புதிய வண்டிகளில் உள்ள கணினிப் பெட்டியும் கெட்டுப்போகக் கூடும். துத்தநாகம் பூசிய பழைய குழாயைப் பற்றவைப்போர் பூச்சை முதலில் தேய்த்து நீக்குக. துத்தநாகப் புகையை உட்கொண்டவர்க்கு அன்றிரவே குளிர் காய்ச்சல் காணும்.

ரப்பரும் அமோனியாவும்

தாங்கிக்கும் வண்டிக்கும் இடையே ரப்பர்த் தகடு ஒன்றை வைத்தால் அதிர்ச்சி மட்டுப்படும். இதனை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை; நாம் நாள்தோறும் மங்கில் சேர்க்கும் பாலின் பயனே அது. பழைய டயரின் பக்கச் சுவரிலிருந்து வெட்டிய 5 மி.மீ. துண்டு போதும். இரும்பு இரும்பைத் தொடாதவாறு திருகாணியின் இரு புறமும் வைக்க வேண்டும். நசுங்கி வெளியே பிதுங்கும் அளவுக்கு முடுக்கிவிட்டால் ரப்பர் இருந்தும் இல்லாததே. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பும். இயந்திர எண்ணெய் சொட்டும் இடத்தில் அதனை வைக்கலாகாது.

ரப்பர்த் தகடு வைத்தவுடன் விளக்கு எரியாமற்போவதும் உண்டு. விளக்கின் எதிர்முனையை வண்டியின் உடம்பின் வழியாக இணைத்திருப்பார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எதிர்முனைக்கும் தனிக் கம்பி இழுத்து, அடிச்சட்டத்தில் வண்ணம் சுரண்டிய இடத்தில் திருகாணியால் இறுக்கிவிட வேண்டும்.

பால் ஏற்றும் வண்டிக்கென ஒரு தனிப் பகை உண்டு. வயல்பால் உறையாதிருக்கச் சேர்க்கப்படும் அமோனியாவைப் பற்றியே சொல்கிறோம். அதன் ஆவி செம்பையும் பித்தளையையும் அரிக்கும். இறுக்கத்தில் உள்ள பித்தளையில் வெடிப்பையே உண்டாக்கும். விளக்குக் கம்பிகளின் முனைகளில் உள்ள சிறு பித்தளைக் கவ்விகள் பச்சை நிறம் பூத்து உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமோ இரும்பையும் துத்தநாகப் பூச்சையும் தின்னும். இத்தகைய வண்டியில் இணைப்புகள் யாவும் தட்டுக்கு அருகே இராமல் ஓட்டுநர் அறைப் பக்கமாக இருத்தல் நலம். இணைப்பின் மீது கொழுப்புப் பசை தடவி, சூட்டில் சுருங்கும் குழாயை இட்டு மூடுக. தாங்கிக்குத் துருத் தடுப்புப் பூச்சு ஒன்றும், அதன்மேல் எனாமல் இரண்டு முறையும் பூசினால் மழையையும் அமிலத் துளியையும் நெடுநாள் தாங்கும். துளைகளின் உட்புறத்தைப் பூச மறந்துவிடுவதே வழக்கம்.

கம்பியும் உருகியும்

தாங்கி உடைந்தால் விளக்கு போகும். கம்பி இணைப்பில் பிழை நேர்ந்தால் வண்டியே போகும். ஆதலின் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

மின்னோட்டத்தைக் கணக்கிடுவது எளிது: வாட் எண்ணை வோல்ட் எண்ணால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 18 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டுக்கு 36 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் உருகி போதும். பழைய 55 வாட் ஹாலோஜன் விளக்குகள் இரண்டாயின் 9 ஆம்பியருக்கு மேல் செல்லும். உருகி 15 ஆம்பியர் இருத்தல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவ்விரு ஹாலோஜன் விளக்குகளையும் எரியவிட்டால், 45 ஆம்பியர் மணி கொண்ட பேட்டரி இரண்டரை மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். காலையில் வண்டியைத் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டி வரும்.

கம்பி மெலிந்தால் ஒளியும் மெலியும். விளக்கு 5 மீட்டர் தொலைவில் இருப்பின் மின்சாரம் போய்வரும் தூரம் 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 9 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. ஒரு வோல்ட்தானே என்று எண்ண வேண்டாம்; ஹாலோஜன் விளக்கின் ஒளி அதனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு பெரிதும் குறையும். எல்.இ.டி. விளக்குகளுக்கு இவ்விழப்பு ஒரு பொருட்டன்று. அவற்றையே நாம் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உருகியின் இடம் பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள். உருகி காப்பது விளக்கையன்று, கம்பியை. உருகிக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள துண்டுக் கம்பி எங்கேனும் உரசி உடம்பைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி செந்தணலாகும். அதனைத் தடுக்க ஏதும் இராது. ஆகவே அத்துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. கம்பி இரும்புத் தகட்டில் உள்ள துளையின் வழியே செல்லும் இடந்தோறும் ரப்பர் வளையம் இடுக. வண்டியின் பழைய நிறுத்த விளக்குக் கம்பியிலிருந்து கிளை பிரித்துக்கொள்ளும் குறுக்கு வழி வேண்டாம். அக்கம்பி அதற்கென அளவிடப்பட்டதன்று.

பொத்தானின் வழியே முழு மின்னோட்டத்தையும் செலுத்தாமல் ரிலே ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். சிறு மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி அது. அதன் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 30 என்பது உருகியிலிருந்து வருவது, 87 விளக்குக்குச் செல்வது, 85ம் 86ம் பொத்தானுக்கும் எதிர்முனைக்கும் உரியவை. பொத்தானோடு சிறு அடையாள விளக்கும் இருத்தல் வேண்டும். பக்க விளக்கு எரிவதை மறந்து பெருஞ்சாலைக்கு ஏறிவிடாதிருக்க அது உதவும். இணைப்பு வேலையில் பழக்கமில்லாதவர் தாங்கியைத் தாமே செய்துகொண்டு, கம்பி வேலையைப் பாடாங் செராயிலோ கூலிமிலோ உள்ள வண்டி மின்பட்டறையில் கொடுத்துவிடுவது தாழ்வன்று.

யார் கண்ணில் படுகிறது?

விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் அளவுக்கு வருவோம். 60 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கின் நடுக்கதிர் 2 மீட்டர் தொலைவில் நிலத்தைத் தொட வேண்டுமாயின் சாய்வு 17 பாகை. கோணமானி தேவையில்லை, ஒரு மீட்டர் நீளத்துக்கு 30 சென்டிமீட்டர் தாழ்வு என்று குச்சியை வைத்து அளந்துகொள்ளலாம். ஆனால் பரந்த ஒளி தரும் விளக்கு நடுக்கதிரோடு நிற்பதில்லை. 60 பாகை விரியும் ஒளியில் மேல் விளிம்பு நடுக்கதிருக்கு 30 பாகை மேலே செல்லும். 17 பாகை சாய்த்த பின்னும் 13 பாகை மேல்நோக்கியே பாயும். நான்கு மீட்டர் தொலைவில் நிற்பவரின் கண்ணை அது எட்டிவிடும்.

அங்கே நிற்பவர் பெரும்பாலும் பால் வெட்டும் தொழிலாளி. இருட்டுக்குப் பழகிய கண்ணில் பேரொளி ஒரு முறை பட்டால், பழைய பார்வை முழுவதும் திரும்ப இருபது முப்பது மணித்துளிகள் ஆகும். அவர் கையில் இருப்பது கூரிய கத்தி. பட்டையின் உள்ளே, வளர்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் எஞ்சும்படி அவர் சீவ வேண்டும். கை சற்றே ஆழ்ந்தால் மரம் காயமுறும். புதுப்பட்டை முடிச்சும் மேடுமாக வளர்ந்து, பின்னர் வெட்டுதற்கு உதவாது போகும். மரத்தின் காயம் கணக்கில் எழுதப்படும். பள்ளத்தில் தடுக்கி விழும் அவருடைய காயத்தை யார் எழுதுவர்?

ஆதலின் விளக்கின் மேல் விளிம்பில் தகர மூடி ஒன்று இன்றியமையாதது. பழைய பிஸ்கட் தகரம் போதும்; உட்புறத்தில் ஒளிராத கறுப்பு வண்ணம் பூசுக. அதன் நீளத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இரவில் விளக்கை எரியவிட்டு, ஒருவரை வண்டியின் பக்கவாட்டில் ஐந்து தப்படி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். விளக்கினுள் உள்ள ஒளிப்புள்ளிகள் அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மூடி குட்டை. தெரியாமல், அவர் காலடி மட்டும் வெளிச்சமாக இருந்தால் சரி. பிறகு அவரைப் பத்துத் தப்படிக்கும் இருபது தப்படிக்கும் பின்வாங்கச் சொல்லி மறுபடியும் பாருங்கள். உயரம் குறைந்தவர் ஒருவரையும் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகளும் அப்பாதையில்தான் பேருந்துக்கு நடக்கின்றனர். மஞ்சள் சாயலுள்ள ஒளியைத் தேர்ந்தெடுத்தால் வண்டுகளும் ஈசல்களும் குறைவாகவே மொய்க்கும்.

சாய்வு முடிவானதும் தாங்கியின் மீதும் விளக்கின் பிடியின் மீதும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிடுங்கள். செம்மண் பாதையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அக்கோடு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தாலே விளக்கு அசைந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். அப்பொழுதே எல்லா மரைகளையும் மீண்டும் ஒரு முறை முடுக்கி, கையால் தாங்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, கம்பி எங்கேனும் உரசியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் இதனை மாதம் ஒரு முறை செய்க. விளக்கின் முகத்தில் படிந்த சேற்றைத் துடைக்கும்போதே செய்துவிடலாம்.